சீனிப் போர்வையும் ஹஜ் ஊசியும்

(சங்கத்தின் ஹஜ் பயணிகள் வழியனுப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



ஹஜ்ஜின் அமல்களை ஹஜரத் அவர்கள் அழகாக விளக்கிவிட்டார்கள். நிர்வாகிகள் எங்களிடம் கேட்டுக்கொண்டது ஊசியைப் பற்றி மட்டும்.

லிட்டில் இந்தியாவில் எங்கள் கடையில் இஹ்ராம் துணி, இடுப்புப் பை, வாசனை சேர்க்காத சோப்பு எல்லாம் விற்கிறோம். துணி வாங்க வருகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "தம்பி, அந்த ஊசி எதுக்கு? போட்டா வீட்டுல இருக்கிறவங்களுக்கும் பாதுகாப்பா?" என்பதுதான். நாங்கள் டாக்டர் அல்ல. பாலிடெக்னிக்கில் உயிர்மருத்துவத் துறையில் டிப்ளோமா படித்துவிட்டு வியாபாரத்துக்கு வந்தவர்கள். அந்தப் படிப்பில் மறக்காமல் நிற்கும் ஒரு விஷயம் இந்தக் கேள்விக்குப் பதிலாக அமைகிறது. அது சீனியைப் பற்றியது.

தேத்தண்ணீரில் போடும் சீனி அல்ல. நம் உடம்பின் ஒவ்வோர் அணுவும் மேலே ஒரு சீனிப் போர்வை போர்த்தியிருக்கிறது. பலவகைச் சீனி மூலக்கூறுகள் சங்கிலி சங்கிலியாகக் கோத்த போர்வை. இது உங்களுக்குப் புதிதும் அல்ல. இரத்த தானம் செய்தவர்களிடம் ஏ, பி, ஓ என்று எழுதிய அட்டை இருக்குமே, அந்த எழுத்து குறிப்பது சிவப்பணுவின் மேலிருக்கும் சீனியைத்தான். ஏ வகைக்காரருக்குச் சங்கிலி நுனியில் ஒரு சீனி, பி வகைக்காரருக்கு வேறொன்று, ஓ வகைக்காரருக்கு இரண்டும் இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்துக்காக, தவறான இரத்தம் ஏற்றினால் உடம்பு அந்த அணுக்களை அடித்து நொறுக்கிவிடும். 1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழுவினர், இந்தச் சங்கிலியின் அடிச் சீனியே இல்லாத சிலரைக் கண்டுபிடித்தார்கள். 'பம்பாய் வகை' என்றே அதற்குப் பெயர். அவர்களுக்கு ஓ வகை இரத்தம்கூட ஆகாது.

ஆக, நம் உடம்பின் காவல்காரர்கள் ஆளை அடையாளம் காண்பதில் சீனிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் அணுக்களின் சங்கிலி நுனியில் பெரும்பாலும் சியாலிக் அமிலம் என்ற சீனி உட்கார்ந்திருக்கும். வெள்ளணுக்கள் அதைத் தொட்டுப் பார்த்து, "இது நம்ம ஆள்" என்று அடங்கிவிடும். கடைக்காரர்களுக்கு இது புரியும். மூட்டையின் மேல் தெரிந்த முத்திரை இருந்தால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சில கிருமிகள் அந்த முத்திரையைத் தங்கள் மேலும் குத்திக்கொள்கின்றன.

அப்படிப்பட்ட ஒன்றுதான் மூளைச்சவ்வுக் காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ். அது பலருடைய தொண்டையில் எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும். இரத்தத்தில் இறங்கிவிட்டால் ஒரே நாளில் ஆளைக் கொல்லக்கூடியது. சிகிச்சை கிடைத்தும் பத்தில் ஒருவர் இறக்கிறார். பிழைத்தவர்களில் சிலருக்குக் காது கேட்பதில்லை, சிலருக்குக் கை கால் போய்விடுகிறது. இதன் சீனிப் போர்வையில் 12 வகை. ஏ, பி, சி, டபிள்யூ, ஒய் என்று நாம் சொல்வதெல்லாம் கிருமி போர்த்தியிருக்கும் சீனியின் பெயர்தான்.

1987 ஹஜ்ஜில் ஏ வகை பரவியது. அதன் பிறகே சவூதி அரசு ஊசியைக் கட்டாயமாக்கியது. அப்போதைய ஊசி ஏ, சி இரண்டுக்கும் எதிரானது. 2000-ஆம் ஆண்டு மார்ச் ஹஜ்ஜில் வந்ததோ டபிள்யூ-135. பழைய ஊசி பழக்கிய காவல்காரர்களுக்கு இந்தப் போர்வை தெரியாது. பல நாடுகளில் ஹாஜிகளும், அவர்கள் ஊர் திரும்பியபின் அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களும் நோயில் விழுந்தார்கள். அந்த நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. அதனால்தான் இன்று நான்கு வகை ஊசி. டபிள்யூவின் சங்கிலியில் சியாலிக் அமிலமும் கேலக்டோஸும் மாறி மாறி வரும். ஒய் வகையில் கேலக்டோஸுக்குப் பதில் குளுக்கோஸ். இவ்விரு சீனிக்கும் உள்ள வேற்றுமை, ஒரு சிறு கிளை மேலே திரும்பியிருக்கிறதா கீழே திரும்பியிருக்கிறதா என்பது மட்டுமே. உடம்பு அதைக்கூடப் பிரித்துப் பார்க்கிறது!

இப்போது நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். டெக்காவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் டான் டோக் செங் மருத்துவமனையில் டாக்டர் அனலீஸ் வில்டர்-ஸ்மித் குழுவினர், 2001-இல் சிங்கப்பூர் ஹாஜிகள் 171 பேரின் தொண்டையைப் புறப்படுமுன்னும் திரும்பியபின்னும் பரிசோதித்தார்கள். எல்லாரும் நான்கு வகை ஊசி போட்டவர்கள். ஆனாலும் திரும்பி வந்தவர்களில் 100-க்கு 15 பேர் தொண்டையில் டபிள்யூ-135 இருந்தது. ஊசி போடாத வீட்டாரில் 100-க்கு ஏறக்குறைய 8 பேருக்கும் அது தொற்றியிருந்தது. 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்த ஆய்வு வெளிவந்தது. உலகம் முழுக்க இதை எடுத்துக்காட்டுகிறார்கள். அதில் இருந்தது நம் அத்தா, அம்மா, நன்னா, நன்னியின் தொண்டை.

ஊசி போட்டும் ஏன்? அந்தக் கால ஊசியில் இருந்தது கிருமியின் சீனி மட்டும். உடம்பில் எதிர்ப்பொருள் செய்யும் பி அணுக்களுக்கு டி அணுக்கள் என்ற வாத்தியார்கள் உண்டு. அந்த வாத்தியார்களுக்குப் புரதம்தான் கண்ணில் படும். வெறும் சீனியை அவர்கள் பாடமாக எடுப்பதில்லை. பி அணுக்கள் தாமாகவே கொஞ்சம் எதிர்ப்பொருள் செய்து இரத்தத்தில் விடும். போட்டவர் தப்பிப்பார். ஆனால் சில வருடங்களில் பலன் மங்கும், நினைவு தங்காது, தொண்டையில் கிருமி குடியேறுவதைத் தடுக்காது. 2 வயதுக்குக் கீழான பிள்ளைகளிடம் சரியாக வேலையும் செய்யாது.

இதற்கு வழி 1929-லேயே தெரிந்திருந்தது. நியூயார்க்கில் ஏவரியும் கோபெலும் சீனியை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் உடம்பு பாடம் படிக்கிறது என்று காட்டினார்கள். அப்படிப் பிணைத்த ஊசிதான் இணைப்புத் தடுப்பூசி. பிரிட்டனில் 1999-இல் சி வகை இணைப்பூசியை இளையர்களுக்குப் போட்டபோது, தொண்டையில் அந்தக் கிருமியைச் சுமந்தவர்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தார்கள்; ஊசி போடாதவர்களுக்கும் நோய் குறைந்தது. நான்கு வகை ஊசியிலும் அதே அளவு பலன் வரும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க மாட்டோம். பழைய ஊசியைவிட மேலானது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

வியாபாரி என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆப்பிரிக்காவுக்காக ஏ வகை இணைப்பூசியைப் புனேயின் சீரம் நிறுவனம் ஒரு டோஸ் அரை அமெரிக்க டாலருக்கும் குறைவாகச் செய்து கொடுத்தது. 2010-இல் போடத் தொடங்கினார்கள். அங்கே ஏ வகைக் கொள்ளைநோய் இல்லாமலே போய்விட்டது. அந்த விலையில் இந்த லாபம் வேறெந்தச் சரக்கில் கிடைக்கும்?

இனிக் கடையில் கேட்கும் மற்ற கேள்விகள். ஊசி ஹலாலா என்று கேட்பது நியாயமே. 2010-இல் இந்தோனேசிய உலமா சபை இந்த ஊசிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, இரண்டை ஹலால் என்று அறிவித்தது. அந்த இரண்டில் ஒன்று இணைப்பூசி.

உம்ராவுக்குத் தேவையா? தேவை. 2024 ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றிலும் சவூதிப் பயணத்தோடு தொடர்புடைய 12 பேருக்கு இந்த நோய் வந்தது. அவர்களில் 9 பேர் ஊசி போடாதவர்கள். பெரும்பாலோருக்கு வந்தது அதே டபிள்யூ வகை. போய்ச் சேருவதற்கு 10 நாளாவது முன்பு போட்டிருக்க வேண்டும். சீனி மட்டும் உள்ள ஊசி 3 வருடத்துக்கும் இணைப்பூசி 5 வருடத்துக்கும் ஏற்கப்படும். சான்றிதழில் எந்த வகை என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் 3 வருடக் கணக்குத்தான்.

பி வகைக்கு இந்த ஊசி உதவாது. அதன் போர்வை நம் நரம்பணுக்களின் சீனிச் சங்கிலியைப் போலவே இருப்பதால், உடம்பு அதை அந்நியமாக நினைப்பதில்லை. அதற்குப் புரதத்தைக் கொண்டு தனி ஊசி செய்திருக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் எல்லாரும் ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் வாங்க வருவார்கள். பேரப்பிள்ளையைத் தூக்கி முகத்தோடு முகம் வைக்கத்தான் செய்வோம். அந்த வாரங்களில் வீட்டில் யாருக்காவது கடும் காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு வந்தால், "பயணக் களைப்பு ஒட்டிக்கிச்சு" என்று விட்டுவிடாதீர்கள். தோலில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் இருந்தால் ஒரு கண்ணாடிக் கிளாஸை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். புள்ளி மறையவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 995-ஐ அழையுங்கள். புள்ளியே இல்லாவிட்டாலும் கழுத்து விறைத்தால் அழைக்கலாம். வீட்டில் ஹஜ் போய் வந்தவர் இருக்கிறார் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.