நோயாளியைக் கவனித்தலும் பாதுகாப்பாகப் பேணுதலும்

(நம் ஜமாஅத் பொதுக்கூட்டத்தில், பணி ஓய்வு பெற்ற செவிலியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

காரைக்குடியிலும் சுற்று வட்டார ஊர்களிலும், பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் உழைக்க, முதியோர் இங்கே மருமகளின் பராமரிப்பிலோ தனித்தோ வாழும் வீடுகள் பல. அவ்வீடுகளில் மருத்துவரைக் காட்டிலும் நீண்ட நேரம் நோயாளியின் அருகில் இருப்பவர்கள் வீட்டாரே. ஆகவே, செவிலியர் கற்கும் முதல் பாடங்களை வீட்டாரும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

எங்கள் தவறு ஒன்றை முதலில் ஒப்புக்கொள்கிறோம். எங்களில் ஒருவரின் அத்தா எண்பது வயதைக் கடந்தவர். ஒரு நாள் மாலை அவர் பேச்சில் குழப்பம் தென்பட்டது, உணவையும் மறுத்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தோம்; சூடில்லை. களைப்பு என்றெண்ணி உறங்க விட்டோம். மறுநாள் காலை மூச்சை எண்ணியபோது நிமிடத்திற்கு 32 இருந்தது. நிமோனியா என்றார் மருத்துவர். இறையருளால் பிழைத்தார், ஆயினும் பல நாட்கள் தீவிர சிகிச்சையில் துன்புற்றார். முதியோருக்குக் காய்ச்சலின்றியும் கிருமித்தொற்று வரும், திடீர்க் குழப்பமே அதன் முதல் அடையாளமாகலாம் என்பது நாங்கள் படித்த பாடந்தான். வார்டில் நாள்தோறும் எண்ணிய நாங்கள், வீட்டில் எண்ணத் தவறினோம்.

செவிலியர் பணி நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள், காயமுற்றோரைப் பேணி வந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் சேர்க்கப்பட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலையிலும் மாலையிலும் அவரிடம் நலம் விசாரித்ததாக அறிவிப்பு உண்டு. காலை நிலையையும் மாலை நிலையையும் ஒப்பிட்டு அறிவதே நோயாளியைக் கவனித்தலின் அடிப்படையாகும்.

இனி, எண்ண வேண்டியவற்றைக் காண்போம். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை இருத்தல் இயல்பு. எண்ணுவதை நோயாளிக்குச் சொல்லாமல், நெஞ்சு உயர்ந்து தாழ்வதை முழு நிமிடம் கவனிக்க வேண்டும். நாடித்துடிப்பு 60 முதல் 100 வரை. கட்டைவிரலால் நாடி பார்க்கலாகாது. அவ்விரலின் சொந்தத் துடிப்பே நம்மை ஏமாற்றிவிடும். உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால் காய்ச்சல். இரத்த அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிடம் சாய்ந்து அமரச் செய்து, கையை இதய மட்டத்தில் தாங்கி வைக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வழக்கமாக 95க்கு மேல் காட்டும். 90க்குக் கீழே இறங்கினால் தாமதம் கூடாது. நகச்சாயமோ மருதாணியோ இருப்பின் அளவு பிறழக்கூடும். வேறு விரலில் பார்த்தல் நலம்.

எண்களைக் காட்டிலும் முக்கியமானது மாற்றம். நேற்று தெளிவாகப் பேசியவர் இன்று பெயரை மறந்தால், அளவுகள் யாவும் சரியாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுக. வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். ஆதலால் அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே 108ஐ அழைத்திடுக.

பேணுதலில் பாதுகாப்பு அடுத்தது. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சோப்பிட்டுக் கைகழுவுக. மருந்து தருமுன் ஐந்து சரிபார்த்தல்கள் உண்டு: ஆள், மருந்து, அளவு, தரும் வழி, நேரம். இரு மருத்துவர்களிடம் காட்டும் வீடுகளில், ஒரே மருந்து இரு வணிகப் பெயர்களில் வந்து இரட்டிப்பாகிவிடும் ஆபத்து உண்டு. எல்லாச் சீட்டுகளையும் ஒரே மருத்துவரிடம் காட்டுக. படுத்த படுக்கையில் இருப்போரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண்ணைத் தடுக்கலாம். தலையை உயர்த்தி வைத்தே ஊட்டுக. சர்க்கரை நோயாளி வியர்த்து நடுங்கினால் சர்க்கரை அளவைப் பார்க்க. 70க்குக் கீழிருப்பின் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துத் தந்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க. மயங்கியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றலாகாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டிலேயே அளந்து பார்ப்பது முக்கியப் பணியாக அமைந்தது. அளந்ததை எழுதி வைப்பது நம் பொறுப்பு. தேதி, நேரம், அளவு, மருந்து, ஒவ்வாமை இவை கொண்ட ஒரு நோட்டுப் புத்தகம் தலைமாட்டில் இருந்தால், நள்ளிரவில் பார்க்கும் மருத்துவருக்கும் நோயாளியின் நிலை விளங்கிவிடும்.

இறுதியாக, ஜமாஅத் நிர்வாகத்திற்கு ஒரு வேண்டுகோள். இரத்த அழுத்தக் கருவி, வெப்பமானி, ஆக்சிஜன் கருவி ஆகியவற்றை அலுவலகத்தில் வைத்து, தெருவுக்கு இருவர் வீதம் இளைஞர்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்துத் தந்தால், கட்டணமின்றிப் பயிற்சியளிக்க நாங்கள் ஆயத்தமாக உள்ளோம். பிள்ளைகள் கடல் கடந்திருக்கும் வீட்டில் மூச்சை எண்ண ஒருவர் இருப்பாரேயானால், எங்கள் அத்தாவுக்கு நேர்ந்த தாமதம் இன்னொருவருக்கு நேராது. வல்ல அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண நலத்தை வழங்குவானாக! வஸ்ஸலாம்.