பள்ளிப் படிப்பை முடிப்பது நம் அனைவரின் கடன்

(வெள்ளி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

இந்நன்னாளில் ஒரே ஒரு பொருளைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றோம். நம் பிள்ளைகள் பள்ளியிற் சேர்கின்றனர். சேர்ந்தவர் அனைவரும் பள்ளிப் படிப்பை முடிக்கின்றனரா என்பதே அப்பொருள்.

நம் ஊர் கலைக்கும் புலமைக்கும் புதியதன்று. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர் இத்தருமபுரம் என்று பெரியபுராணம் கூறும். பாணர் குலத்திற் பிறந்த அப்பெருமகனார் மதுரைத் திருக்கோயிலின் வாயிலில் நின்று யாழிசைத்தார் என்றும் அந்நூல் உரைக்கும். புலமை இருந்தும் வாயிலில் நின்ற வரலாறு நம்முடையது. இன்று பள்ளியின் வாயில் சட்டப்படி திறந்திருக்கிறது. திறந்த வாயிலில் நுழைந்த பிள்ளை பாதி வழியில் திரும்பிவிடுமாயின், முன்னோர் பட்ட பாட்டிற்குப் பயன் என்ன?

அண்ணல் அம்பேத்கர் 1907ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். பம்பாயில் அவரைப் பாராட்ட ஒரு கூட்டமே கூடிற்று. அங்கே அவருக்குப் புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்த கேளுஸ்கர் என்னும் ஆசிரியரே, பின்னர்ப் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் துணை நின்றார். அந்த உதவித்தொகையாற் கல்லூரி; 1913இல் அமெரிக்கா. பள்ளி இறுதித் தேர்வு என்னும் ஒரு கதவு திறந்தமையால் அடுத்த கதவுகள் திறந்தன. அதை உணர்ந்தமையால், 1924இல் அவர் தோற்றுவித்த பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, அடுத்த ஆண்டே சோலாப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு விடுதி அமைத்தது.

நமக்கு அண்மையில் உள்ள சான்று சிதம்பரம். 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் அங்கே பள்ளி கண்டார். 1959இல் மறையும்வரை அதனைக் கண்ணெனக் காத்தார். இன்று ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனியே மேல்நிலைப் பள்ளிகள் நந்தனார் பெயர் தாங்கி நிற்பது அவர் நட்ட வித்தின் விளைவு.

இனி நம் நிலைக்கு வருவோம். 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கே பொருந்தும். எட்டாம் வகுப்போடு அதன் பொறுப்பு நின்றுவிடுகிறது. காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மேட்டூரில் நீர் திறந்தால் மட்டும் போதாது. வாய்க்காலைத் தூர்வாரி, மடை பார்த்து, நம் வயலுக்கு நாம்தான் கொண்டுவர வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள நான்கு வகுப்புகளே நம் கல்வியின் கடைமடை.

அங்கே பிள்ளைகள் நிற்பது ஏன்? நடவு, அறுவடைக் காலங்களில் ஒரு நாட்கூலி பெரிதாகத் தோன்றுகிறது. பூப்பெய்திய பெண்ணுக்கு மணம் பேசுகின்றனர். கணக்கிலோ ஆங்கிலத்திலோ ஒருமுறை தவறிய பிள்ளை வெட்கத்தால் புத்தகத்தை மூடிவிடுகிறது. மேலும், புதுவை ஆட்சிப் பரப்பின் அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறிவிட்டன. 2025இல் அப்பள்ளி மாணவர் முதன்முறையாக அவ்வாரியப் பொதுத்தேர்வை எழுதினர். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திற் பயின்ற அண்ணனும் அக்காளும் வீட்டில் சொல்லிக் கொடுத்த முறை இனி அப்படியே உதவாது. அவர்களும் புதிய பாடநூலைப் புரட்ட வேண்டும்.

இழப்பும் சிறிதன்று. 1944ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்பெறும் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை பத்தாம் வகுப்பில் தேறியவர்க்கே உரியது. தேறாத பிள்ளைக்கு அக்கதவும் அடைபட்டுவிடும்.

ஆகவே, நாம் செய்யத்தக்கன இவை. முதலாவது, தெருவாரியாக ஒரு பதிவேடு வேண்டும். எட்டாம் வகுப்பைக் கடந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அதில் இருக்கட்டும். மூன்று நாள் பள்ளி செல்லாத பிள்ளையின் வீட்டிற்கு நான்காம் நாள் நம்மில் இருவர் செல்வோம். இரண்டாவது, மாலை வகுப்பில் கணக்கிற்கும் ஆங்கிலத்திற்கும் முதலிடம் தருவோம். கல்லூரியிற் பயிலும் இளைஞர் வாரம் இரு மாலைகளை இதற்கு ஈயட்டும். மூன்றாவது, தவறிய பிள்ளையைத் துணைத்தேர்வு எழுதச் செய்வோம். பள்ளியை விட்டே நின்றவர்க்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழி இருக்கிறது. நான்காவது, சாதிச் சான்றிதழையும் வங்கிக் கணக்கையும் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆயத்தம் செய்வோம்; 2012 முதல் ஒன்பது, பத்தாம் வகுப்பினர்க்கும் உதவித்தொகை உண்டு. ஐந்தாவது, பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் செய்வது குற்றம் என்பதைப் பெற்றோர்க்கு எடுத்துரைப்போம். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் முன் எந்த வீட்டிலும் மணப் பேச்சு எழாதிருக்கட்டும்.

முதல் மதிப்பெண் பெற்றவர்க்குப் பொன்னாடை போர்த்துவது நல்ல வழக்கம், அது தொடரட்டும். ஆயினும் தவறிவிட்டு, மறுமுறை எழுதித் தேறிய பிள்ளையும் இம்மேடையில் ஏற வேண்டும். விழுந்து எழுந்தவரைக் கண்டால், விழுந்து கிடப்பவருக்கும் எழும் துணிவு பிறக்கும். முப்பத்தைந்து மதிப்பெண்ணோடு தேறியவரும் நம் செல்வமே.

பெற்றோரே! அறுவடைக் கூலி அப்பருவத்தோடு தீரும். பிள்ளையின் சான்றிதழ் அதன் வாழ்நாள் முழுதும் உடன் வரும். இளைஞர்களே! நீங்கள் ஏறிவந்த ஏணியைத் தம்பி தங்கையர்க்காகத் தாங்கிப் பிடியுங்கள். சங்கத்தின் பொன்விழா வரும்போது, அப்பதிவேட்டில் இடைநின்றோர் என்று எழுத ஒரு பெயரும் இல்லாதிருக்க வேண்டும்.

வளர்க கல்வி! வாழ்க நம் மக்கள்!