சிமிட்டாத சிக்னல் விளக்கு

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் மாங்குளத்தில் ஒரு சந்தியைக் காண்பர். நேரே சென்றால் கிளிநொச்சி. வலப்புறம் திரும்பினால் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு. இடப்புறமாக வாகனம் செலுத்தும் இலங்கையில், வலப்புறம் திரும்புவதென்பது எதிரே வருவோரின் பாதையைக் குறுக்கே கடப்பதாகும். பின்னால் வரும் லொறிச் சாரதியும் எதிரே வரும் பஸ் சாரதியும் காரோட்டியின் எண்ணத்தை எவ்வாறு அறிவர்? காரின் மூலையிலுள்ள சிறு விளக்குச் சிமிட்டினாலன்றோ அறிவர்!

வன்னியில் பழைய காருக்குத் தனிப் பெருமை உண்டு. 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பெற்றோலுக்குத் தடை நிலவிய காலத்தில், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானியக் கார்கள் மக்களுக்குப் பெரிதும் துணைநின்றன. சிறிதளவு பெற்றோல் விட்டு எஞ்சினைச் சூடேற்றி, அதன்பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். எஞ்சின் ஓடினாலே போதும் என்றிருந்த காலம் அது. 2002 இல் பாதை திறந்தது. 2006 இல் மீண்டும் மூடியது. 2009 இல் போர் முடிந்தது. இன்றைய ஏ-9 விரைந்து செல்லும் வாகனங்களின் வீதி. இங்கே எஞ்சின் ஓடினால் மட்டும் போதாது.

சிக்னல் விளக்குச் சிமிட்டவில்லையெனில், பிளாஷர் பழுது என்று உடனே முடிவு கட்டிப் புதியதொன்றை வாங்குவோர் பலர். பணம் போகும், பழுது போகாது. பிளாஷர் இயங்கும் விதத்தை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். பழைய கார்களின் பிளாஷர் வெப்பத்தால் இயங்குவது. விளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டம் அதனுள் உள்ள உலோகக் கம்பியையோ தகட்டையோ சூடேற்றுகிறது. சூடேறிய உலோகம் விரிகிறது. குளிர்ந்ததும் பழைய நிலையை அடைகிறது. இவ்வசைவே மின்தொடுப்பை மாறி மாறி இணைத்தும் பிரித்தும் விளக்கைச் சிமிட்டச் செய்கிறது. 12 வோல்ற்றுக் காரில் 21 வாற்று மின்குமிழ் ஒன்று ஏறக்குறைய 1.75 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். முன்னும் பின்னுமாக இரண்டு சேர்ந்தால் 3.5 அம்பியர். அவற்றுள் ஒன்று அணைந்தாலும் மின்னோட்டம் பாதியாகும். பிளாஷர் தன் தாளத்தை இழக்கும். ஆகவே குற்றம் பெரும்பாலும் பிளாஷரில் அன்று, விளக்கிலேயே இருக்கும்.

முதலில் சாவியைத் திருப்பி, இரு பக்கச் சிக்னலையும் போட்டுப் பார்த்தல் வேண்டும். ஒரு பக்கம் ஒழுங்காகச் சிமிட்டினால் பிளாஷர் நலமே. அது இரு பக்கத்துக்கும் பொதுவானது. மற்றப் பக்கத்து மின்குமிழைக் கழற்றி, அதன் இழை அறுந்துள்ளதா, வாற்று அளவு சரியானதா என்று நோக்குக. அடுத்து, குமிழ் பொருந்தும் கூட்டிலும் எர்த் வயர் காரின் உடலைத் தொடும் இடத்திலும் துரு ஏறியிருப்பின், அதை உப்புத்தாள் கொண்டு தேய்த்து அகற்றுக.

இரு பக்கமும் எரியவில்லையெனில் பியூஸைப் பார்க்க வேண்டும். எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டித் தாளையோ தடித்த கம்பியையோ வைத்தல் காருக்கே தீ மூட்டும் செயலாகும். பியூஸ் நன்றாயின், பிளாஷருக்கு மின்சாரம் வருகிறதா என்று சோதனை விளக்கால் அறிக. வருமாயின், அம்முனையையும் விளக்குகளுக்குச் செல்லும் முனையையும் ஒரு துண்டு வயரால் கணநேரம் இணைத்துப் பார்க்கலாம். சிக்னல் போட்ட நிலையில் விளக்கு எரிந்தால் பிளாஷரே பழுது. எரியாவிடின் சுவிச்சிலோ வயரிலோ குற்றம். இரு பக்கமும் எரிந்தும் சிமிட்டாமல் நின்றால், பற்றரி வலுவிழந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே பிளாஷரை மாற்றுதல் தகும்.

இன்னும் இரண்டு செய்திகள் நினைவிற் கொள்ளத்தக்கன. எல்.ஈ.டி. விளக்குகள் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுப்பதால், வெப்பத்தால் இயங்கும் பிளாஷர் அவற்றுடன் ஒழுங்காக இயங்காது. அதற்கென இலத்திரனியல் பிளாஷர் வாங்குவோர், காரின் உடலோடு இணைந்திருப்பது பற்றரியின் நேர்முனையா எதிர்முனையா என்று முதலில் அறிதல் வேண்டும். பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். மேலும், 1961 க்கு முந்திய மொரிஸ் மைனர்களில் கதவின் பின்னேயுள்ள தூணிலிருந்து எழும் சிறு கையே திசை காட்டும். அது சிமிட்டுவதற்கென அமைந்ததன்று. கை எழாவிடின், அதன் மூட்டிலுள்ள தூசியைத் துடைத்து ஒரு துளி மெல்லிய எண்ணெய் இடலாம்.

பழுது தீரும்வரை பகலில் வலப்புறம் திரும்புவோர், முன்கூட்டியே வலக்கையை யன்னலுக்கு வெளியே நேராக நீட்டிக் காட்டுக. இரவில் அக்கையை எவரும் காணார். ஆதலின், சிக்னல் சரியாகும்வரை அந்தக் காரை இருள் சூழ்ந்த வன்னி வீதியில் ஓட்டாதிருப்பதே அறிவுடைமை.