நோன்பு: சொல்லும் பொருளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மகாகவி பாரதியின் பெயர் தாங்கிய இந்நகரில் பத்தாண்டுகளாகத் தமிழ் வளர்த்துவரும் இவ்வட்டத்தினர், 'இசுலாத்தில் நோன்பு' என்னும் பொருளில் உரையாற்றுமாறு பணித்துள்ளனர். நான் இசுலாமியப் பெண் அல்லேன்; தமிழ் பயிற்றுவிப்பவள். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன்.

அரபியில் 'ஸவ்ம்' என்றும் உருதுவில் 'ரோஜா' என்றும் வழங்குவதைத் தமிழ் முஸ்லிம்கள் 'நோன்பு' என்றே வழங்குகின்றனர். நோற்றல் என்பது பொறுத்தல். நோன்மை என்பது பொறுமையும் வலிமையும் ஆகும். 'ஸவ்ம்' என்பதன் அடிப்பொருள் விலகியிருத்தல். விலகி நிற்கும் உறுதியும் அதனைத் தாங்கும் பொறுமையும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன அல்லவா?

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் உண்ணா நோன்பேற்று உயிர் நீத்தார். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து மாண்டான். இசுலாம் விதிப்பதோ வாழ்வதற்கான நோன்பு. வைகறைக்கு முன் 'ஸஹர்' உணவு கொள்ளுமாறு நபிகள் நாயகம் வலியுறுத்தினார். கதிரவன் மறைந்ததும் காலந்தாழ்த்தாது நோன்பு திறக்கச் சொன்னார். இரவிலும் உண்ணாது நாள்கணக்கில் தொடர்வதைத் தடுத்தார். பெருநாளன்று நோன்பு நோற்பதே கூடாது.

இசுலாத்தின் ஐந்து கடமைகளுள் ஒன்றாகிய இந்நோன்பு, ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், கடமையாக்கப்பட்டது. பருவம் எய்திய, அறிவுத் தெளிவுடைய ஒவ்வொருவரும் ரமலான் மாதம் முழுவதும் 'நிய்யத்து' என்னும் உள்ளத்துறுதியோடு, வைகறை முதல் கதிரவன் மறையும் வரை, உணவையும் நீரையும் இல்லற இன்பத்தையும் தவிர்த்தல் வேண்டும். மறதியால் உண்டுவிட்டால் நோன்பு முறியாது. பொய்யை விடாதவன் உணவை விடுவதால் இறைவனுக்கு ஆவதொன்றில்லை என்பது நபிமொழியின் கருத்து. இறையச்சம் பெறுவதே நோன்பின் நோக்கம் எனத் திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயம், 183ஆம் வசனம் உணர்த்துகின்றது.

ரமலான் பிறைக்கணக்கில் அமைந்த மாதமாதலின் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள்கள் முன்னதாக வரும். ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். 2019இல் அது மே மாதக் கடுவெயிலில் வந்தது. அப்போது தேர்வெழுதிக் கொண்டிருந்த என் மாணவி ஒருத்தி மயங்கிச் சரிந்தாள். "இந்த வெயிலில் நோன்பு எதற்கம்மா?" என்று கடிந்து கொண்டேன். அவள் தலைகுனிந்தவாறு, "இன்று எனக்கு நோன்பில்லை அம்மா. காய்ச்சல். எல்லாரும் நோற்றிருக்க நான் மட்டும் உண்ண வெட்கமாக இருந்தது" என்றாள்.

அன்றுதான் நோன்பின் விதிகளை முறையாகக் கற்கத் தொடங்கினேன். நோயாளியும் பயணியும் வேறு நாள்களில் நோற்றுக் கொள்ளலாம். கருவுற்றவரும் பாலூட்டும் தாயும் தமக்கோ குழந்தைக்கோ தீங்கு நேருமென அஞ்சினால் விட்டுவிடலாம். மாதவிலக்கு நாள்களில் பெண்கள் நோன்பு நோற்பதில்லை. பின்னர் ஈடு செய்வர். நோற்கவே இயலாத முதியோர் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிப்பர். எளிமையையே இறைவன் நாடுகின்றான் என்னும் கருத்து நோன்பு பற்றிய வசனங்களுக்கு இடையிலேயே உள்ளது. எனவே சலுகையும் சட்டமே. அதனை ஏற்பவர் தவறியவர் அல்லர். "நீ நோன்பில்லையா?" என்னும் நம் வினாவே அப்பெண்ணைப் பட்டினி போட்டது. கடிந்து கொண்ட நானும் அதற்கு விலக்கல்லேன்.

பெருநாள் தொழுகைக்கு முன் ஏழையர்க்குப் 'பித்ரா' வழங்குதலும் நோன்பை ஒட்டிய கடமையே. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு சேர்த்துக் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்காகத் தமிழகப் பள்ளிவாசல்களில் மாலைதோறும் தூக்குச்சட்டியோடு நிற்பவருள் எல்லாச் சமயத்தாரும் உண்டு. இக்கஞ்சிக்கென 2001 முதல் தமிழக அரசு அரிசி வழங்கி வருகின்றது.

நிறைவாக, மீண்டும் சொல்லுக்கே வருகின்றேன். விதி மீறினால் நோன்பு 'முறிகின்றது'. முறையாக நிறைவுற்றால் நோன்பு 'திறக்கின்றனர்'. முறிவுக்கும் நிறைவுக்கும் வெவ்வேறு சொல் கண்ட தமிழ் முஸ்லிம்களின் மொழிநுட்பம் போற்றத்தக்கது. பகலெல்லாம் அடைத்து வைத்த வாயை மட்டுமா மாலையில் திறக்கின்றோம்? பிறர் பசியை அறியும் நெஞ்சத்தையும் திறத்தல் வேண்டும். நோற்பவரை மதிப்போம், நோற்க இயலாதவரை நாணச் செய்யாதிருப்போம்.