நாய்க்குட்டியை வீட்டுக்குப் பழக்குதல்

(காட்டூரில் உழவர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காட்டூரில் வயல் எது, நகர் எது என்று பிரித்துச் சொல்வது இப்போது கடினம். ஒரு பக்கம் மாட்டுக்கொட்டகை, மறுபக்கம் மாடி வீடு, முன்னால் தஞ்சாவூர் சாலையில் ஓயாத வண்டிகள். முன்பெல்லாம் நாய் களத்திலும் வைக்கோல் போரடியிலும் கிடந்தது. அது எங்கே அசுத்தம் செய்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. இன்று சிமெண்டுத் தரை போட்ட வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆசையாக வாங்கி வந்த குட்டியை, வீட்டை நாறடிக்கிறதென்று பத்தே நாளில் சாலையோரம் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது லாரியில் அடிபட்டுச் சாகும்; தப்பினால் தடுப்பூசி காணாத தெரு நாயாகும். இவ்வளவும் சில வாரப் பொறுமை இல்லாததால் வருவது.

பிறந்த குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கிவிட்டால்தான் கழிக்கும். சுமார் மூன்று வாரத்தில், தள்ளாடியாவது படுக்கையை விட்டு விலகிப் போய்க் கழிக்கத் தொடங்கும். படுத்த இடத்தை அசுத்தம் செய்யக்கூடாது என்ற எண்ணம் அதற்கு இயற்கையிலேயே உண்டு. நாம் செய்ய வேண்டியதெல்லாம் அந்தக் குணத்தை வளர்ப்பதுதான். எட்டு வாரம் நிறையும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம்.

2005-இல் தபால்தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாயானாலும், சிப்பிப்பாறையானாலும், பெயர் தெரியாத நாட்டுக் குட்டியானாலும் கணக்கு ஒன்றே. இரண்டு மாதக் குட்டி பகலில் விழித்திருக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் அடக்கி வைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தூங்கி எழுந்தவுடன், விளையாடி முடித்தவுடன், சாப்பிட்ட கால் மணி, அரை மணிக்குள் அதைத் தூக்கிச் சென்று கொல்லையில் ஒரே மூலையில் விடவேண்டும். முகர்ந்து கொண்டே வட்டமிட்டால் நேரம் வந்துவிட்டது என்று பொருள். கழித்து முடித்த அந்த நொடியே தடவிக் கொடுத்து, ஒரு துண்டு ரொட்டி கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது.

தீனியை நாளைக்கு மூன்று, நான்கு வேளையாகக் குறித்த நேரத்தில் போட்டால் மலம் கழிப்பதும் நேரப்படி நடக்கும். பசும்பாலை நிறைய ஊற்றினால் பேதியாகும். பேதி கண்ட குட்டியை யாராலும் பழக்க முடியாது. ஈரம் செய்கிறதே என்று தண்ணீரை நிறுத்த வேண்டாம். நம் திருச்சி வெயிலுக்கு அது ஆபத்து.

மூக்கைப் பிடித்துத் தரையில் தேய்த்தால் புத்தி வருமா என்று கேட்கிறார்கள். வராது. மனிதர் எதிரே கழித்தால் அடி விழும் என்பதை மட்டுமே அது கற்கும். பிறகு கட்டிலுக்கு அடியிலும் நெல் மூட்டைக்குப் பின்னாலும் மறைந்து கழிக்கும். தவறு நடக்கும்போது கண்டால், சத்தம் போடாமல் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டு போங்கள். பிறகு கண்டால் துடைத்துவிடுங்கள், அவ்வளவுதான். வாடை மீதியிருந்தால் அதே இடத்துக்குத் திரும்பி வரும். சிமெண்டுத் தரையைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிக் காயவிடவும். மண் தரையானால் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு மெழுகவும்.

இனி, பெட்டி. கோழியை மூடுவது போல் பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் குட்டியை அடைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. திடீரென அடைபட்ட குட்டி பயந்து அலறும், உள்ளேயே கழிக்கும். அதற்குப் பதில், காந்தி மார்க்கெட்டில் கிடைக்கும் பழைய பழப்பெட்டியில் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, ஒருக்களித்து வைத்து, பழஞ்சாக்கை விரியுங்கள். குட்டி நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் போதும். மிகப் பெரிதானால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் கழிக்கும். குறுக்கே பலகை வைத்து அடைத்து, வளர வளர நகர்த்திக் கொள்ளலாம். காற்றுப் புகும் கம்பிக் கதவு ஒன்று வேண்டும்.

முதல் இரண்டு நாள் கதவைத் திறந்தே வைத்து, தீனியை உள்ளே போடுங்கள். அது தானாக உள்ளே போய்த் தூங்கும். பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று கதவைச் சாத்தலாம். இரவில் யாராவது படுக்கும் இடத்துக்கு அருகில் பெட்டி இருக்கட்டும். நடுச்சாமத்தில் முனகினால் வெளியே கொண்டு போய், விளையாட்டுக் காட்டாமல், கழித்தவுடன் திரும்பப் படுக்க வையுங்கள். பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடைக்காதீர்கள். நெடுநேரம் தன் மலத்திலேயே கிடந்த குட்டிக்கு அந்த இயற்கைக் குணம் மழுங்கிவிடும். மறுபடி பழக்குவது பெரும் பாடு. தகரக் கூரையின் கீழும் வெயிலிலும் பெட்டியை வைத்தால் உயிருக்கே மோசம்.

கொல்லை மூலையை வற்புறுத்துவதற்கு வேறு காரணமும் உண்டு. குட்டிகளின் வயிற்றில் தாயிடமிருந்தே உருண்டைப்புழு வந்துவிடுகிறது. மலத்தோடு வெளிவரும் முட்டைகள் இரண்டு, மூன்று வாரங்களில் மண்ணில் நோய் தரும் பருவம் அடைகின்றன. அந்த மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியாக வயிற்றுக்குள் போனால் கண்ணைக்கூடக் கெடுக்கும். ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளி ஆழப் புதைக்க வேண்டும். கீரைப் பாத்திக்கும் எருக்குழிக்கும் வேண்டாம். குட்டிக்குக் குடற்புழு மருந்தும், ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ நோய்த் தடுப்பூசியும், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போடுங்கள். பார்வோ ஊசித் தவணைகள் முடியும்வரை தெருவில் மற்ற நாய்கள் கழித்த இடத்துக்குக் கொண்டு போகக் கூடாது. நன்றாகப் பழகிய குட்டி திடீரென அடிக்கடி சொட்டுச் சொட்டாகக் கழித்தால் அது நோயாக இருக்கலாம். அதட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நடவும் அறுப்பும் நடக்கும் நாட்களில் வீடே வயலுக்குப் போய்விடுகிறது. அப்போது குட்டி வாங்காதீர்கள். ஒரு ஆளாவது இரண்டு மாதம் வீட்டோடு இருக்கும் காலமாகப் பார்த்துக் கொண்டு வாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கொல்லையில் நிழலுள்ள இடத்தில் வேலி வளைத்து, தண்ணீர் வைத்து, பெட்டியைத் திறந்த கதவோடு அதற்குள் வைத்துவிட்டுப் போகலாம். மதியம் சாப்பாட்டுக்கு வருகிறவர் ஒருமுறை அந்த மூலைக்கு அழைத்துப் போனால் போதும்.