அங்கிக்குள் ஒளித்த ரொட்டி

மறைவான பாவம் இரண்டு வகை. ஊருக்குத் தெரியாமல் ஒருவன் செய்வது ஒன்று. செய்கிறவனுக்கே தெரியாமல் அவனுக்குள் குடியிருப்பது மற்றொன்று. 19-ஆம் சங்கீதத்தில் தாவீது தேவனிடம் சுத்திகரிப்புக் கேட்பது இந்த இரண்டாவது வகைக்காக. ஆனால் முதல் வகையில் விழுந்தவரும் அதே தாவீதுதான். தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டார், உரியாவைப் போர்முனையில் சாகவிட்டார், குழந்தையும் பிறந்தது. அதுவரை ஒன்றுமே நடக்காதது போல அரியணையில் உட்கார்ந்து ஊர் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். நாத்தான் தீர்க்கதரிசி வந்தார். ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னார். ராஜாவுக்குக் கோபம் பொங்கியது; அந்தப் பணக்காரன் சாகவேண்டும் என்று சொல்லிவிட்டார். பிறர் பாவத்தைக் கண்டு கொதிக்கும் நியாய உணர்ச்சி அவரிடம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. அந்தக் கதையில் வருகிற ஆள் தானே என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஊருக்கு மறைத்தது நாளாக நாளாகத் தனக்கே மறைந்துபோகிறது. முதல் வகைப் பாவம் இரண்டாவது வகையாக முற்றுவது இப்படித்தான்.

இந்த நோயின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர்கள் 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் இருந்தார்கள். 313-க்குப் பிறகு ரோமப் பேரரசில் கிறிஸ்தவனாக இருப்பதற்காகச் சாக வேண்டியதில்லை. சீக்கிரமே அது மரியாதைக்குரிய அடையாளமாகவும் ஆயிற்று. அந்த மரியாதை பிடிக்காத பலர் நைல் நதியின் மேற்கே நித்திரியா, கெல்லியா, ஸ்கேத்தி என்ற மணற்காடுகளுக்குப் போனார்கள். வனத்து அந்தோணியார் அவர்களுக்கு முன்னோடி. பேரீச்ச ஓலையில் கூடை முடைவார்கள், கயிறு திரிப்பார்கள். வாரம் முழுவதும் தனித்தனிக் குடிசையில் இருந்துவிட்டு, சனி ஞாயிறுகளில் ஆராதனைக்குக் கூடுவார்கள். கெல்லியாவில் மண்செங்கல்லால் கட்டிய அந்தக் குடியிருப்புகளின் இடிபாடுகளை 1964-இல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கியோமோன் அடையாளம் கண்டார்.

பாவத்துக்குத் தப்பி அங்கே போனவர்கள் கண்டுகொண்டது வேறு. சந்தை இல்லை, விருந்து இல்லை, பணப்புழக்கம் இல்லை. ஆனாலும் பாவம் வந்தது. செயலாக வர வழியில்லாத இடத்தில் நினைவாக வந்தது. நகரத்தில் சந்தடிக்குள் ஒளிந்திருந்தது, வனாந்தரத்தின் மௌனத்தில் தலையை நீட்டியது.

அவர்களில் செராப்பியோன் என்பவரின் கதையை, இந்தத் துறவிகளின் அனுபவங்களைப் பதிவுசெய்த யோவான் காசியன் எழுதி வைத்திருக்கிறார். செராப்பியோன் சிறுவனாக இருந்தபோது தேயோனாஸ் என்ற பெரியவரோடு தங்கியிருந்தான். பகலின் ஒன்பதாம் மணி நேரத்தில், அதாவது பிற்பகல் மூன்று மணியளவில், இருவரும் சாப்பிடுவார்கள். உணவு காய்ந்த ரொட்டி. சாப்பாடு முடிந்ததும் பையன் ஒரு ரொட்டியை எடுத்து அங்கிக்குள் மறைத்துக்கொள்வான். சாயங்காலம் பெரியவருக்குத் தெரியாமல் தின்பான். ஒவ்வொரு நாளும் இது நடந்தது. திருடும்போது இருந்த ருசியைவிட, தின்ற பிறகு இருந்த வேதனை பெரிதாக இருந்ததாம்; இருந்தும் மறுநாள் கை தானாகவே ரொட்டிக்குப் போயிற்று. ஒருநாள் சில சகோதரர்கள் பெரியவரைப் பார்க்க வந்தார்கள். பேச்சு போசனப்பிரியத்தைப் பற்றியும், மறைத்து வைக்கும் நினைவுகள் மனிதனை ஆட்டிப்படைப்பதைப் பற்றியும் திரும்பியது. பெரியவர் தன்னைக் குறிவைத்தே பேசுகிறார் என்று பையன் நினைத்தான். நெஞ்சுக்குள் விம்மல் எழுந்தது, அடக்கப் பார்த்தான், முடியவில்லை. எல்லார் முன்னிலையிலும் அழுதுகொண்டே அங்கிக்குள் கைவிட்டு அன்றைய ரொட்டியை எடுத்துத் தரையில் வைத்தான். விழுந்து மன்னிப்புக் கேட்டான். தேயோனாஸ் அவனைத் திட்டவும் இல்லை, தண்டனை விதிக்கவும் இல்லை. அவர் வாய் திறக்கும் முன்பே அவனுடைய அறிக்கை அவனை விடுவித்துவிட்டதாகச் சொன்னார். அதன்பின் அந்த ஆசை தன்னை அசைத்ததே இல்லை என்பது செராப்பியோன் முதுமையில் சொன்ன சாட்சி.

ஒரு காய்ந்த ரொட்டி. இதற்கா இத்தனை அழுகை என்று தோன்றலாம். ரொட்டியின் விலை இங்கே கணக்கில் இல்லை. பையன் பகலில் தேயோனாஸின் சீஷன், சாயங்காலத்தில் வேறொருவன். இந்த இரட்டை வாழ்க்கைதான் அவனைத் தின்றது. பெரிய பாவங்கள் பெரும்பாலும் ஊருக்கு அகப்பட்டுவிடும். சின்னது என்ற தைரியத்தில் ஒளித்து வைப்பதே வருஷக்கணக்கில் உள்ளே கிடக்கிறது.

செராப்பியோனைவிட மிகவும் படித்த ஒருவரின் வாழ்க்கையிலும் இதுவே நடந்தது. எவாக்ரியுஸ் 345-ஐ ஒட்டிப் பொந்து நாட்டில் பிறந்தவர். நசியான்சின் கிரகோரி அவருக்கு உதவிக்குருப் பட்டம் கொடுத்துக் கொன்ஸ்தாந்தினோபிளில் வைத்திருந்தார். வாதத்தில் அவரை வெல்ல ஆள் இல்லை. அங்கே உயர் அதிகாரி ஒருவரின் மனைவி மேல் அவருக்கு மோகம் உண்டாயிற்று. தான் கைதாவது போலக் கனவு கண்டு, அந்தக் கனவிலேயே நகரத்தை விட்டுப் போவதாகச் சத்தியம் செய்து, விழித்ததும் எருசலேமுக்குக் கப்பலேறினார். அங்கே மூத்த மெலானியா என்ற ரோமப் பிரபுகுலத்துப் பெண்மணி அவருக்கு இடம் கொடுத்தார். ஆபத்து நீங்கியதும் பழைய குணம் திரும்பியது: பகட்டான உடை, வெற்றுப் பேச்சு. பிறகு காய்ச்சல் கண்டது. ஆறு மாதம் படுக்கை. மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். இது சாதாரண நோய் இல்லை, மனதில் இருப்பதைச் சொல் என்று மெலானியா கேட்டார். அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். துறவு வாழ்க்கைக்குப் போவதாக வாக்குக் கொடுத்தார். சில நாட்களில் எழுந்துவிட்டார். இதை எழுதி வைத்தவர் அவருடைய சீஷர் பல்லாடியஸ். கொன்ஸ்தாந்தினோபிளின் நாவலரால் தன் நோயைத் தானே கண்டுபிடிக்க முடியவில்லை. அருகில் இருந்த ஒரு பெண் கேட்ட கேள்விதான் அதை வெளியே இழுத்தது.

எவாக்ரியுஸ் எகிப்துக்குப் போய் நித்திரியாவில் இரண்டு ஆண்டுகளும் கெல்லியாவில் பதினான்கு ஆண்டுகளும் இருந்து 399-இல் இறந்தார். பிழைப்புக்கு நூல்களைப் பிரதியெடுத்தார். மனிதனைப் பிடிக்கும் கெட்ட நினைவுகளை அவர் எட்டாக வகுத்தார்: போசனப்பிரியம், மோகம், பண ஆசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, அகந்தை. ஒவ்வொன்றையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது போல எழுதுகிறார். சலிப்பு நடுப்பகலில் வரும். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும். சன்னல் பக்கம் கண் போகும். யாராவது பார்க்க வருகிறார்களா என்று வாசலைத் தேடும். வீண்பெருமை பற்றி அவர் எழுதியிருப்பதில் நகைச்சுவையும் உண்டு. துறவி தனியே உட்கார்ந்து கற்பனை செய்கிறான்: நோயாளிகள் தன்னைத் தொட்டுக் குணமாகிறார்கள், வாசலில் கூட்டம் கூடுகிறது, குருப்பட்டம் ஏற்கச் சொல்லி அழைக்கிறார்கள், அவன் மறுக்க மறுக்கக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த மறுப்பைக் கவனிக்க வேண்டும். தாழ்மையையும் சேர்த்தே கற்பனை செய்கிறது வீண்பெருமை!

மற்ற பாவங்கள் தோல்வியில் பிறக்கின்றன. வீண்பெருமை வெற்றியில் பிறக்கிறது. உபவாசம் இருப்பது நாலு பேருக்குத் தெரிந்தால் அதில் பெருமை. தெரியாமல் மறைத்தால், மறைத்ததில் பெருமை. காசியன் இதை வெங்காயத்துக்கு ஒப்பிட்டார்: ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொன்று. ஆகவே மறைவான பாவத்துக்கு மிகவும் பாதுகாப்பான இடம் சாராயக்கடையோ சூதாட்டக் களமோ இல்லை. ஜெப அறைதான்.

லூக்கா 18-ஆம் அதிகாரத்துப் பரிசேயன் இதற்குச் சாட்சி. அவனைப் பொய்யன் என்று சொல்லுவது பிரசங்கிகளின் வழக்கம். அது அவனுக்குச் செய்யும் அநியாயம். வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்ததும் உண்மை, தசமபாகம் கொடுத்ததும் உண்மை. அவன் ஜெபம் தொடங்குவதே நன்றியில்தான். ஆனால் அந்த ஜெபத்தில் தேவன் செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும். தூரத்தில் நின்ற ஆயக்காரனோ கண்ணை ஏறெடுக்காமல், மார்பில் அடித்துக்கொண்டு, இரக்கத்தை மட்டும் கேட்டான். முன்னவன் அறிக்கை வாசித்தான், பின்னவன் ஜெபித்தான்.

எவாக்ரியுஸ் ஜெபத்தைப் பற்றி 153 சிறு பகுதிகளில் ஒரு நூல் எழுதினார். திபேரியாக் கடலில் சீஷர்கள் பிடித்த மீன்களின் எண்ணிக்கை அது. ஜெபம் உள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் அனுபவம். முழங்கால் போட்டதும் மனம் எங்கே ஓடுகிறது? கோபத்தைப் பற்றி அவர் சொல்வதைப் பார்த்தால் போதும்: ஜெப வேளையில்தான், வருத்தம் உண்டாக்கியவனுடைய முகத்தை அது கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. கவனம் சிதறியதே என்று அந்த நேரத்தை வீணாக எண்ண வேண்டியதில்லை. சிதறிப்போன இடம்தான் மறைவான குற்றம் குடியிருக்கும் விலாசம். 553-இல் இரண்டாம் கொன்ஸ்தாந்தினோபிள் சங்கத்தின் காலத்தில் எவாக்ரியுஸின் சில போதனைகள் கண்டனத்துக்குள்ளாயின. அதனால் இந்த ஜெப நூல் நெடுங்காலம் நீலுஸ் என்ற வேறொருவர் பெயரில்தான் உலாவியது. வீண்பெருமையைப் பற்றி இவ்வளவு எழுதியவருக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது.

நீண்ட ஜெபத்தை வனாந்தரத்துப் பெரியவர்கள் வற்புறுத்தவில்லை. அவர்களில் ஒருவரான மக்காரியார் வார்த்தைகளை அடுக்க வேண்டாம் என்றார். கையை விரித்து இரக்கம் கேட்டால் போதும், தேவையை ஆண்டவர் அறிவார் என்றார். காசியன் 70-ஆம் சங்கீதத்தின் முதல் அடியை மட்டும் வேலையிலும் வழியிலும் படுக்கையிலும் சொல்லிக்கொண்டேயிருக்கச் சொன்னார். உதவி கேட்கும் அடி அது. சின்ன ஜெபத்தில் தன்னைக் காட்டிக்கொள்ள இடம் கிடையாது.

மக்காரியாரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதையில் சாத்தான் அவரிடமே முறையிடுகிறான். நீ உபவாசிக்கிறாய், நான் சாப்பிடுவதே இல்லை. நீ விழித்திருக்கிறாய், நான் தூங்குவதே இல்லை. ஒன்றில் மட்டும் தோற்றுப்போகிறேன், அது உன் தாழ்மை என்கிறான். பக்தி முயற்சிகள் எல்லாவற்றையும் பிசாசும் செய்ய முடியும் என்ற இந்தத் துணிச்சலான எண்ணம் துறவிகளிடமிருந்தே வந்ததுதான் சிறப்பு. ஸ்கேத்தியில் ஒரு சகோதரன் குற்றம் செய்தபோது விசாரணைக்குக் கூடியவர்கள் மோசே என்ற பெரியவரை அழைத்தார்கள். மோசே ஒருகாலத்தில் கொள்ளைக்காரர். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தார். இது என்ன என்று கேட்டார்கள். என் பாவங்கள் என் முதுகுக்குப் பின்னால் ஒழுகுகின்றன, எனக்கு அது தெரியவில்லை. இன்னொருவன் குற்றத்தை விசாரிக்க வந்திருக்கிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னார். அந்தச் சகோதரனை அவர்கள் மன்னித்துவிட்டார்கள்.

மனதைத் திறந்து காட்டுவதில் ஆபத்தும் உண்டு. கேட்கிற காது சரியாக இருக்க வேண்டும். இதையும் காசியன் மறைக்கவில்லை. மோகத்தால் அலைக்கழிந்த இளைஞன் ஒருவன் ஒரு முதியவரிடம் போய்ச் சொன்னான். அவர் சீறி விழுந்து, நீ துறவி என்ற பெயருக்கே லாயக்கில்லை என்று துரத்தினார். அவன் நம்பிக்கை இழந்து ஊருக்குத் திரும்பப் புறப்பட்டான். வழியில் அப்பொல்லோ என்ற பெரியவர் அவன் முகவாட்டத்தைக் கண்டு விசாரித்தார். இந்த வயதிலும் எனக்கு அந்தச் சோதனை உண்டு என்று தன்னைச் சொல்லித் தேற்றினார். ஒரு நாள் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டார். பிறகு அந்தக் கடுமையான முதியவரின் குடிசை அருகே நின்று, இளைஞனின் சோதனை இவருக்கு வரட்டும் என்று ஜெபித்தார். வந்தது. முதியவர் வெறி பிடித்தவர் போல வெளியே ஓடி, அந்த இளைஞன் போன அதே பாதையில் ஊருக்குப் புறப்பட்டார். நெடுங்காலமாகச் சோதனையே வராததைத் தன் பரிசுத்தம் என்று அவர் நினைத்திருந்தார். அறிக்கை செய்கிறவனுக்கு எவ்வளவு தாழ்மை வேண்டுமோ, கேட்கிறவனுக்கு அதைவிட ஒரு படி கூடவே வேண்டும்.

காசியன் இந்த அனுபவங்களை மேற்கே மார்சேய் நகருக்குக் கொண்டுபோய் லத்தீனில் எழுதினார். அங்கே பெனடிக்ட் என்ற மடாதிபதி தம் மடத்து ஒழுங்கின் 7-ஆம் அதிகாரத்தில் தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகளை வைத்தார். மனதில் எழும் கெட்ட நினைவுகளை மடாதிபதியிடம் மறைக்காமல் சொல்வது அதில் ஐந்தாவது. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போப் பெரிய கிரகோரியார் அகந்தையை எல்லாவற்றுக்கும் வேராகத் தனியே எடுத்து, சலிப்பைத் துக்கத்துக்குள் அடக்கி, பொறாமையைச் சேர்த்து, பட்டியலை ஏழாக்கினார். கோபம், காய்மகாரம், போசனப்பிரியம் என்று தமிழ்க் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பில் ஒப்பிக்கும் தலையான பாவங்கள் ஏழின் பூர்வீகம் கெல்லியாவின் மண்குடிசைதான். 1215-இன் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தைக் கட்டாயமாக்கியது. கட்டாயம் வந்ததும் பழக்கமும் வந்தது. பழகிப்போன அறிக்கைக்குள்ளும் பாவம் ஒளியும். லூத்தர் கட்டாயத்தை எதிர்த்தார், தனி அறிக்கையை அவர் கைவிடவில்லை. அவருக்குப் பின்வந்த சபைகள்தான் அதைக் கிட்டத்தட்ட மறந்துபோயின.

அதை மீண்டும் எடுத்தவர்களில் ஒருவர் ஜெர்மானியப் போதகர் தீட்ரிக் போன்ஹோஃபர். நாஜி அரசுக்கு அடிபணியாத சபைக்குப் போதகர்களை உருவாக்க 1935-இல் தொடங்கி, ஃபிங்கன்வால்டேயில் அவர் ஒரு செமினரி நடத்தினார். 1937-இல் கெஸ்டபோ அதை மூடியது. 1939-இல் வெளியான தம் நூலில் அவர் ஒரு சங்கடமான கேள்வியை எழுப்புகிறார். தேவனிடம் தனிமையில் பாவத்தை அறிக்கையிடுவது சுலபமாகவும், அதே பாவத்தை ஒரு சகோதரனிடம் சொல்வது கூச்சமாகவும் இருப்பது ஏன்? தனிமையில் மனிதன் தன்னிடமே அறிக்கையிட்டுத் தன்னையே மன்னித்துக்கொள்கிறானோ என்பது அவர் சந்தேகம். பரிசுத்த தேவனைவிடப் பாவியான சகோதரனுக்கு அதிகம் கூச்சப்படுவது முறையா என்றும் கேட்கிறார். இராப்போஜனத்துக்கு முன் ஒருவருக்கொருவர் அறிக்கை செய்யலாம் என்று அவர் சொன்னபோது மாணவர்களுக்குத் தயக்கம். லூத்தரன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கத்தோலிக்க வழக்கமாகப் பட்டது. அவர் வற்புறுத்தவில்லை. இதில் முன் அனுபவம் எதுவும் இல்லாத ஒரு மாணவரை அழைத்து, தம்முடைய பாவ அறிக்கையைக் கேட்கும்படி அந்தச் செமினரியின் தலைவர் கேட்டுக்கொண்டார்.