முந்திரிக்கொத்தில் முந்திரி எங்கே?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பலகாரம் செய்யும் குழு ஒன்றின் உறுப்பினர் பேசியது)



என்னைப் பலகாரத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். செய்முறை சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். இங்கே இருக்கிற பாதிப் பேர் என்னை விட நல்லா சுடுவீங்க. அதனால பலகாரத்தோட பேரைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன். அந்தப் பேராலதான் எங்க குழுவில் ஒரு மாசம் பெரிய வழக்கே நடந்தது.

சென்னையில் ஒரு விற்பனைக் கண்காட்சிக்கு நாங்கள் முந்திரிக்கொத்து கொண்டு போயிருந்தோம். ஒரு அம்மா ஒரு பாக்கெட் வாங்கினாங்க. அங்கேயே நின்னு ஒண்ணைப் பிட்டுப் பார்த்தாங்க. இன்னொண்ணையும் பிட்டாங்க. "என்னம்மா, முந்திரின்னு எழுதியிருக்கீங்க, உள்ளே ஒரு முந்திரிகூட இல்லையே, இது ஏமாத்து வேலை இல்லையா?"ன்னு சத்தமா கேட்டாங்க. பக்கத்துல நின்ன நாலு பேர் கையில எடுத்த பாக்கெட்டைத் திரும்ப வச்சிட்டாங்க.

அந்த அம்மா மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்க ஊர்ல முந்திரின்னா வெள்ளையா வளைஞ்சு இருக்கிற பருப்புதான். பண்ருட்டிப் பக்கம் போனாலும் அதுதான். நம்ம ஊர்ல அதுக்கு என்ன பேரு? அண்டிப்பருப்பு. மரம் கொல்லாமரம். உடைக்கிற இடம் அண்டி ஆபீஸ். நம்மில் எத்தனை பேரோட அம்மாமார் அண்டி ஆபீசுக்குப் போய், தோட்டுப் பால் பட்டு விரல் கறுத்து, அந்தக் கூலியில நம்மளைப் படிக்க வச்சாங்க! அந்தப் பருப்பை நாம யாரும் முந்திரின்னு சொல்லி வளரலை. அந்த மரமே இந்த நாட்டு மரம் கிடையாது. பிரேசில் நாட்டு மரம். போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் மேற்குக் கடற்கரையில் கொண்டு வந்து வைத்தது. பறங்கியண்டின்னு பாட்டிமார் சொல்லுறதும் அதனாலதான்.

அப்போ முந்திரிக்கொத்தில் வரும் முந்திரி எது? திராட்சை. பழைய தமிழில் முந்திரிகை, கொடிமுந்திரி என்றால் திராட்சைப் பழம். களியக்காவிளை தாண்டினா இன்றைக்கும் முந்திரின்னா திராட்சைதான், காய்ந்தது உணக்கமுந்திரி. 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூரோட இருந்ததுதானே. மற்ற தமிழ்நாட்டில் மாறிப்போன அர்த்தம் நம்ம அடுக்களையில் மாறாம இருந்திருக்கு. மூணு உருண்டையைச் சேர்த்து மாவில் முக்கி எண்ணெயில் விட்டா, ஒட்டிக்கிட்டு வெந்து வர்றது திராட்சைக்குலை மாதிரியே இருக்கும். கொத்துன்னு பேரு வந்தது அதனாலதான். தனித்தனியா ஒத்தை உருண்டையா சுடுறவங்க இருக்காங்க. வேலை சுலபம்தான், ஆனா அதைக் கொத்துன்னு விக்கிறதுல எனக்குச் சம்மதம் இல்லை.

இதை அந்த அம்மாகிட்ட சொன்னேன். சிரிச்சாங்க, பாக்கெட்டையும் கொண்டு போனாங்க. ஆனா எல்லார்கிட்டேயும் நின்னு கதை சொல்ல முடியுமா?

ஊருக்கு வந்ததும் குழுக் கூட்டத்தில் விஷயம் வந்தது. இளைய பிள்ளைகள், "எக்கா, ஆளுக்கு ரெண்டு அண்டிப்பருப்பு உடைச்சுப் போட்டிருவோம், பிரச்சினை தீர்ந்துச்சு, விலையும் கூட்டலாம்"ன்னாங்க. பெரியவங்க ஒத்துக்கல. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கடன் தவணை கட்ட வேண்டிய மாசத்துல பேருக்கு அர்த்தம் பேசினா வயிறு நிறையுமான்னு ஒரு பிள்ளை கேட்டாள். அந்தக் கேள்வியை நான் சின்னதா நினைக்கலை.

அப்போ கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு கிலோ சிறுபயறு, முக்கால் கிலோ கருப்பட்டி, ஒரு தேங்காய், ஒரு கை எள்ளு, ஏலக்காய், சுக்கு, மேல்மாவுக்குப் பச்சரிசி, கொஞ்சம் மஞ்சள், பொரிக்க எண்ணெய். இதெல்லாம் நோட்டுல இருந்தது. நோட்டுல இல்லாதது எங்க வேலை. பயறை மணம் வர வறுத்துத் திரிக்கணும். தேங்காய்த் துருவலை ஈரம் துளியும் இல்லாம சிவக்க வறுக்கணும். ஈரம் நின்னா நாலாம் நாள் காறல் அடிக்கும். கருப்பட்டியைக் கரைச்சு, மண்ணு போக அரிச்சு, பாகு காய்ச்சணும். ஒரு சொட்டைத் தண்ணியில விட்டா கரையாம, விரலுக்கு உருட்ட வரணும். அந்தச் சூட்டோட மாவில் கொட்டிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் உருட்டணும். ஆறிட்டா உதிரும். ஒரு ராத்திரி விட்டு உருண்டை இறுகினப்புறம்தான் மறுநாள் சுட முடியும். மேல்மாவு தண்ணியாப் போனா உருண்டை எண்ணெயில் வெடிச்சு, கருப்பட்டி கரிஞ்சு, அந்தச் சட்டி எண்ணெய் முழுக்கப் பாழ். இவ்வளவு பக்குவமும் இருக்கிறதாலதான் பண்டம் பதினஞ்சு நாள் வெளியிலேயே கெடாம நிக்குது. தண்ணி இல்லாத இடத்தில் பூஞ்சை பிடிக்காது, அவ்வளவுதான் அறிவியல்.

ரெண்டு பேருக்கு ஒரு முழு நாள் வேலை. நூறு நாள் வேலைக்கே 2025-26ல் தமிழ்நாட்டுக்கு நாள் கூலி 336 ரூபாய். ரெண்டு பேருக்கு 672 ரூபாய். அது எங்க விலையில் எங்கேயும் இல்லை! "வீட்டு வேலையோட வேலையா பண்ணுகோம்"னு நாங்களே எங்க கூலியைத் தள்ளுபடி பண்ணியிருக்கோம். விலையைக் கூட்ட அண்டிப்பருப்பு வேண்டாம், எங்க கூலியைச் சேர்த்தாலே போதும்னு அப்போதான் வழக்கு தீர்ந்தது.

இன்னொரு காரணமும் உண்டு, அதை எழுதி வச்சுக்கிடுங்க. அண்டிப்பருப்பு சிலருக்கு ஒவ்வாமை தரும், மூச்சுத் திணறல் வரைக்கும் போகும். அது சேர்த்தா லேபிளில் தனியாச் சொல்லியே ஆகணும்னு உணவுப் பாதுகாப்பு விதி இருக்கு. பருப்பே இல்லாத பண்டமா இருக்கிறது நமக்கு ஒரு பலம். இப்போ எங்க லேபிளில் 14 இலக்கப் பதிவு எண்ணுக்குக் கீழே ரெண்டு வரி சேர்த்திருக்கோம்: "முந்திரி என்றால் திராட்சை. இது திராட்சைக்குலை வடிவில் செய்த சிறுபயறுப் பலகாரம். முந்திரிப்பருப்பு சேர்க்கவில்லை." கல்லூரிச் சந்தையில் பிள்ளைகள் அதைப் படிச்சிட்டு ஒருத்திக்கொருத்தி காட்டிச் சிரிக்கிறதைப் பார்த்தேன். பண்டத்துக்கு முன்னாடி அந்த ரெண்டு வரியைத்தான் வாங்குறாங்களோன்னு தோணிச்சு.

இதைச் செஞ்சப்புறம் எனக்கு எதைப் பார்த்தாலும் பேர்தான் கண்ணுல படுது. நாம சர்க்கரைன்னு சொல்லுறது வெல்லம். வெள்ளையா இருக்கிறது சீனி. மதுரை தாண்டினா சர்க்கரைன்னாலே வெள்ளைச் சீனி. ஏத்தங்காய் சர்க்கரை வரட்டி போடுற குழுக்காரங்க இங்கே இருக்கீங்க. உங்க லேபிளில் "சேர்மானம்: சர்க்கரை"ன்னு போட்டிருந்தா வெளியூர்க்காரங்க சீனின்னு நினைச்சு வச்சிட்டுப் போயிருவாங்க. வெல்லம்னு போடுங்க. அப்புறம் மரச்சீனி. அதில் சீனியும் இல்லை, அது மரமும் இல்லை! திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு உதவும்னு ஊக்கப்படுத்திப் பரப்பிய கிழங்கு. மரச்சீனி வற்றல்னு மட்டும் எழுதினா வெளியூர்ல என்ன நினைப்பாங்களோ. அச்சுமுறுக்கை விட்டிருவோம், அதில் முறுக்கு எங்கேன்னு யாரும் இதுவரை சண்டைக்கு வரலை.

மட்டிப்பழத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைச்சது. தோவாளை மாணிக்கமாலைக்கு 2025ல். அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடிச்சுக் கட்டினா மாணிக்கம் பதிச்ச மாதிரி தெரியும்னு யாரோ ஒருத்தருக்கு ஒரு நாள் தோணியிருக்கு. மாணிக்கமாலையில் மாணிக்கம் எங்கேன்னு யாரும் கேட்கலை, பார்த்தாலே புரியுது. நம்ம பண்டம் பாக்கெட்டுக்குள்ளே இருக்கு, அதான் எழுதிக் காட்ட வேண்டியிருக்கு.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. அடுத்த மாசக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தன் பண்டத்தின் பேரையும், அந்தப் பேர் ஏன் வந்ததுன்னு வீட்டுப் பெரியவங்க சொன்னதையும் ரெண்டு வரி எழுதிக் கொண்டு வாங்க. ஆடிச் செவ்வாய்க்கு ஔவையார் அம்மன் கோவிலில் கொழுக்கட்டை அவிக்கிற அக்காமார், மண்டைக்காட்டில் மண்டையப்பம் பண்ணுறவங்க, தெரளி இலையில் கொழுக்கட்டை பொதியிறவங்க எல்லாரும் எழுதணும். எழுதத் தெரியாதவங்க சொல்லுங்க, ஊக்குநர் எழுதிக்கிடுவாங்க. லேபிள் அச்சடிக்கிற செலவைக் கூட்டமைப்பு மொத்தமாப் பேசி முடிச்சா ஒவ்வொரு குழுவுக்கும் குறையும். இதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏத்தணும்னு கேட்டுக்கிடுகேன்.

வெளியே மேசையில் முந்திரிக்கொத்து வச்சிருக்கோம். கூலியும் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கோம்.